கயிறு போதவில்லை

ஏப்ரலின் கடைசி ஞாயிறு
அப்பன்செல் சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவது என் வேலை.
பத்தொன்பது வருடமாக அதே கம்பங்கள்,
அதே சணல்.
ஒரு முடிச்சில் என் பல் பட்ட தடம்கூட உண்டு.

கயிற்றுக்கு உள்ளே நின்றால் நாடு.
வெளியே நின்றால் வேடிக்கை.
உள்ளே வர இடுப்பில் ஒரு வாள் போதும்.
என்னுடையது மாமாவின் குத்துவாள்,
துருவேறி உறையை விட்டு வராது.
வெண்ணெய் வெட்ட உதவாது,
வாக்களிக்கலாம்.

சீட்டு இல்லை, பெட்டி இல்லை.
தூக்கிய கைகளை மேடையிலிருந்து
கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார் ஒருவர்.
இந்தப் பக்கம் அதிகம் என்பார்.
அது சட்டம்.

தொண்ணூறாம் ஆண்டு கேட்டார்கள்:
பெண்களும் உள்ளே வரலாமா?
ஒட்டிலியா ரொட்டிக்கடை மாடியில்
ஜன்னல் துடைக்கும் சாக்கில் நின்றாள்.
வரலாம் என்பவர்கள் கை தூக்கியபோது
என் கை காற்சட்டைப் பைக்குள்
ஓர் ஆணியை உருட்டிக்கொண்டிருந்தது.
கூடாது என்றபோது
தானாக மேலே போனது.
தானாக என்றுதான் எழுதுகிறேன்,
கோழையின் இலக்கணத்தில்
கைக்குத்தான் எழுவாய் இடம்.

அவள் அதே கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டே இருந்தாள்.
அன்றிரவு சூப்பில் உப்பு சரியாக இருந்தது.
அதுதான் பயமாக இருந்தது.

நவம்பரில் வானொலி சொன்னது.
எங்களில் யாரும் நின்று கை தூக்காத
லோசானின் ஓர் அறையில்
அரசியல் சாசனத்தைப் பிரித்து வைத்து
நீதிபதிகள் வாசித்திருக்கிறார்கள்:
குடிமக்கள் என்ற சொல்லுக்குள்
பெண்கள் வந்து வெகுநாள் ஆயிற்றாம்,
கதவைத் திறக்காதவர்கள் நாங்கள்தானாம்.

மதுக்கடையில் அலோய்ஸ் கோப்பையால் மேசையை இடித்தான்.
"ஊரே கூடிச் சொன்னதை
ஒரு கைப்பிடி ஆட்கள் அழிப்பதா?
இதுவா மக்களாட்சி?"
மாட்டு வைத்தியர் கிராஃப் நுரையைத் துடைத்துக்கொண்டார்.
"இது மக்களாட்சி இல்லை, அலோய்ஸ், குடியரசு.
அது எத்தனை கை என்று கேட்கும்.
இது, அத்தனை கையும் சேர்ந்தாலும்
எதைத் தொடக்கூடாது என்று கேட்கும்.
நமக்கு இரண்டும் இருக்கிறது.
முதலாவதை மட்டும்தான் வெயிலில் பார்த்திருக்கிறோம்."
"பீருக்குக் காசு யார் தருவது,
அதைக் கேள் உன் குடியரசை" என்றான் அலோய்ஸ்.
எல்லாரும் சிரித்தோம்.
காசு கிராஃப்தான் கொடுத்தார்.

அடுத்த ஏப்ரலில் கம்பங்களைத் தள்ளி நட்டேன்.
பதினோரு மீட்டர் கயிறு போதவில்லை.
கடையில் சணல் தீர்ந்துவிட்டது,
படகுக்குக் கட்டும் நீல நைலான் இருந்தது.
பழையதும் புதியதும் சேருமிடத்தில்
முடிச்சு வழுக்கியது.
மூன்று முறை போட்டேன்.

அந்த நீலத்தின் பக்கமாக
ஒட்டிலியா மஞ்சள் அட்டையோடு உள்ளே வந்தாள்.
கை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல்
கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

நான்காவது தீர்மானம்:
சரிவின் மேல் இருக்கும் சுட்டரின் ஊற்றை
புது ஓட்டலுக்குக் குழாய் போட எடுத்துக்கொள்வது.
ஊருக்கு வேலை வரும், சாலை வரும்.
காடு முளைத்ததுபோல் கைகள்.
அவளுடையதும் தோள்வரை எழுந்தது,
முதல்முறை தூக்கும் கை,
விரல்கள் சிறுபிள்ளைத்தனமாக விரிந்திருந்தன.
பிறகு சுட்டரைப் பார்த்தாள்.
கயிற்றுக்கு உள்ளேதான் நின்றார் மனிதர்,
ஆனால் அந்த முகத்தை
அவள் எங்கோ பார்த்திருக்கிறாள்,
ஒரு ஜன்னல் கண்ணாடியில்.
கை இறங்கியது.

தீர்மானம் நிறைவேறியது.

இப்போது சுட்டர் எங்கள் சமையலறையில் இருக்கிறார்.
அவர் சொல்லச் சொல்ல
லோசான் நீதிமன்றத்துக்கு எழுதுகிறாள் ஒட்டிலியா,
"உரிமை" என்ற சொல்லில் பேனா அழுந்துகிறது.
நான் எந்தப் பக்கம் கை தூக்கினேன் என்று
இருவரும் கேட்கவில்லை.
தபால்தலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.
பைக்குள் தேடினேன்.
அந்த ஆணி இருந்தது.